செண்பகத்துக்கு வந்தது டைபாய்டு இல்லை

நான் எழுதிப் பழகியவள் இல்லை, பேசிப் பழகியவள். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் மகள் செண்பகம் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைப் பற்றி, பேசுகிற மாதிரியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுது. ஆனா என்னைப் பாவப்பட்ட பிள்ளை மாதிரி எழுதினே, கிழிச்சுப் போடுவேன்" என்றாள். அப்படி மிரட்டுகிற அளவுக்கு இப்போது தேறிவிட்டாள்.

திருவனந்தபுரத்தில் சாலைக்கடைத் தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. பூர்வீகம் நாஞ்சில் நாடு. என் கணவர் மிளகும் ஏலமும் விற்கிற மலஞ்சரக்குக் கடை ஒன்றில் கணக்கெழுதுகிறார். தமிழ்த் தாலுகாக்கள் மலையாளத்தோடு இருக்குமா, மெட்ராஸோடு சேருமா என்று எங்கள் தெரு ஆண்கள் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. செண்பகம் இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம். சிநேகிதிகளோடு மலையாளத்தில் சிரிப்பாள், வீட்டுக்கு வந்து என்னோடு தமிழில் சண்டை போடுவாள். இரண்டும் ஒரே சமயத்தில் நின்றுபோனபோதுதான் நான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

முதலில் சாப்பாடு குறைந்தது. பிறகு உறக்கம். கோழி கூவுவதற்கு முன்பே எழுந்து கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "என்ன மக்களே, காலேஜுக்குப் போகல்லியா?" என்றால், "போகணும்" என்பாள். எழுந்திருக்க மாட்டாள். அழுதாலாவது அணைத்துக்கொள்ளலாம். அழவும் இல்லை. "எனக்கு ஒண்ணும் தோணல்லம்மா" என்று மட்டும் சொல்வாள். பரீட்சைப் பயம் என்றார் இவர். திமிர் என்றேன் நான். யாருக்கும் ஒன்றும் தெரியாதபோது வாயில் வருவதைத்தானே சொல்லுவோம்!

வைத்தியர் நாடி பார்த்து, பித்தம் தலைக்கேறியிருக்கிறது என்று தைலம் கொடுத்தார். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். ஜோசியர் பரிகாரம் சொன்னார், செய்தோம். கம்பவுண்டர் இரும்புச்சத்து டானிக் கொடுத்தார். குடித்து அவள் பல் கறுத்ததுதான் மிச்சம். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே வரிசை, சீட்டு, மறுபடி வரிசை. சோகையா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். க்ஷயமோ என்று நெஞ்சுக்கு எக்ஸ்ரே. இருட்டறைக்குள் அவளை நிறுத்திவிட்டு எங்களை வெளியே துரத்தினார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, க்ஷயமாக இருக்கக் கூடாது என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். இல்லை என்று தெரிந்ததும் இவர் கும்பிட்டார். எனக்கானால் ஆத்திரம். ஒன்றும் இல்லை என்றால் என் பிள்ளை ஏன் இப்படி வற்றிப் போகிறாள்?

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் நல்லவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, மனசுக்கென்று படித்த ஒரு டாக்டர் வியாழக்கிழமை தோறும் பின்கட்டில் ஓர் அறைக்கு வருவார், போய்ப் பாருங்கள் என்றார். இவர் முகம் வெளுத்துவிட்டது. ஊரில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தின் பெயரைச் சொல்லித்தான் அடங்காத பிள்ளைகளைத் திட்டுவார்கள். நானும் திட்டியிருக்கிறேன். வியாழக்கிழமை குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போனோம், மழையே இல்லாத நாளில்.

மனசு டாக்டர் மலையாளி, நடுவயது, வழுக்கை. தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். செண்பகத்தைப் பார்த்து, "உறக்கம் எப்படி மோளே?" என்றார். "மூணு மணிக்கே முழிச்சிருகா" என்றேன். "சாப்பாடு?" என்றார். "ஒரு கை கூட உண்ண மாட்டா" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மே, ஞான் கேட்டது குட்டியோடாணு. அம்மை கொறச்சு வாய் அடச்சு இரிக்கணும்" என்றார். பெற்ற பிள்ளைக்கு முன்னால் வாயை மூடச் சொன்னால் எப்படி இருக்கும்! முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவர் அவசரப்படவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

பிறகு அவர் கேட்டார்: "சாகணும்னு தோணியிட்டுண்டோ?"

நான் எழுந்தே விட்டேன். இல்லாததைப் பிள்ளை மனசில் ஏற்றுகிறாரே என்று கத்தப் போனேன். அதற்குள் செண்பகம், "தோணும்" என்றாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். இவர் என் கையைப் பிடித்தார். கல்யாணம் ஆனதிலிருந்து நாலு பேர் எதிரில் அவர் என் கையைத் தொட்டது அன்றுதான்.

டாக்டர் எங்களிடம் சொன்னது இது. கேட்பதால் அந்த எண்ணம் வராது. உள்ளே இருப்பதை வெளியே சொல்ல ஒரு வழி கிடைக்கும், அவ்வளவுதான். இந்த நோய்க்கு மெலங்கோலியா என்று பெயர். மனசு தளர்ந்து, ருசியும் உறக்கமும் போய், எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று தோன்ற வைக்கும். படிக்கிற வயதுப் பிள்ளைகளுக்கும் வரும். வளர்ப்பில் கோளாறு என்று தேட வேண்டாம், சிகிச்சை இருக்கிறது. ஆனால் தனியே விடக் கூடாது, வார்டில் சேர்க்க வேண்டும், வீட்டு ஆள் ஒருவர் எந்நேரமும் பக்கத்தில் இருக்க வேண்டும். "மாறுமா டாக்டர்?" என்றார் இவர். "மாறும். பையத்தான் மாறும்" என்றார் அவர்.

இவரை அவள் பக்கத்தில் இருத்திவிட்டு, வீட்டில் துணிமணி எடுக்க நான் போனபோதுதான் டைபாய்டு பிறந்தது. என் கணவரின் அக்காவை நான் மைனி என்று கூப்பிடுவேன். பக்கத்துத் தெருவில் இருக்கிறார், உதவிக்கு வந்திருந்தார். மூட்டையோடு வாசலில் நின்ற எங்களைப் பார்த்து, பக்கத்து வீட்டுக் கோமதியம்மாள் என் பெயரைச் சொல்லிக் கேட்டார்: "பிள்ளைக்கு என்ன, நாகம்? ஆஸ்பத்திரியிலயா சேத்திருக்கிய?" நான் வாயைத் திறப்பதற்குள் மைனி முந்திக்கொண்டார்: "டைபாய்டு. தொத்துக் காய்ச்சல்லா, யாரும் போய்ப் பாக்கப்படாதாம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, எப்படி என்பது போலக் கண்ணைச் சிமிட்டினார்.

யாரும் பார்க்க வராமல் இருக்க நல்ல யோசனைதான். தொற்றுநோய் என்றால் சுகாதார ஆபீசுக்குச் செய்தி போகும் என்பது மட்டும் மைனிக்குத் தோன்றவில்லை. இரண்டொரு நாளில் ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்து, எங்கள் கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டுப் போனார். விட்டாரா? அக்கம்பக்கத்துக் கிணறுகளிலும் கொட்டினார். தெரு முழுக்கக் காபியில் மருந்து வாடை அடித்தது. பால்காரன் எங்கள் வாசல் படியேற மாட்டேன் என்றான். "நோயாளி எவிடே?" என்று இன்ஸ்பெக்டர் கேட்க, நாகர்கோவிலுக்குக் கொண்டு போயாச்சு என்று மைனி அடுத்த புளுகை விட்டார். அப்படியானால் நாகர்கோவிலுக்கும் எழுதிவிடுகிறேன் என்றாராம் அந்தப் புண்ணியவான். இவர் வார்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லும்போது தலையில் அடித்துக்கொண்டார். செண்பகம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கேட்டாளா என்று தெரியவில்லை.

வார்டு என்றால் நீள அறை, பச்சைச் சுவர், உயரத்தில் ஜன்னல். நான் பயந்து செத்த மாதிரி அங்கே யாரும் கூச்சல் போடவில்லை. எதிர்க் கட்டிலில் வித்துரா என்கிற ஊரிலிருந்து ஒரு டீச்சர், பிள்ளை பெற்ற பிறகு பேச்சு நின்றுபோனவள். கூட இருந்தது அவளுடைய மாமியார். மருமகளுக்குத் தலை துவட்டிவிடுவார், கஞ்சி ஊட்டுவார், இடையிடையே எனக்கும் ஒரு டம்ளர் கஞ்சி நீட்டுவார். மாமியார் என்றாலே எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அதை அங்கே மாற்றிக்கொண்டேன்.

கரண்ட் வைத்தியம் என்று சொன்னபோதுதான் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்தே அதிக நாள் ஆகவில்லை. சுவிட்சைத் தொடுமுன் இவர் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவரிடம் அதைப் பிள்ளையின் தலையில் வைக்கப் போகிறோம் என்றால்! டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மயக்க ஊசி போட்டு, நெற்றிப் பொட்டுகளில் இரண்டு பட்டைகளை வைத்து, கண் மூடித் திறக்கும் நேரம் மட்டும் செலுத்துவார்கள். வலிப்பு மாதிரி ஒன்று வந்து போகும். அந்த வலிப்புதான் மருந்து. எழுந்ததும் தலைவலி இருக்கும், சின்னச் சின்ன விஷயங்கள் மறந்துபோகும், மறதி பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார். மிளகுக் கணக்கில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாத மனுஷர், கையெழுத்துப் போடும்போது தன் பெயரையே பிழையாக எழுதினார்.

கதவுக்கு வெளியே நான் நின்ற நிற்பை எழுதத் தெரியவில்லை. மேரிக்குட்டி என்றொரு நர்ஸ், வெளியே வந்து என் தோளைத் தட்டினாள். "பேடிக்கண்டா அம்மே, குட்டி உறங்குகயாணு" என்றாள். பயப்படாதே, பிள்ளை உறங்குகிறாள் என்று அந்தச் சின்னப் பெண் எனக்குச் சொன்னபோது, அவள் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். செண்பகம் வாயைத் திறந்து, எச்சில் வழிய, பச்சைப்பிள்ளை மாதிரி உறங்கிக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதம் கழித்து அவள் நன்றாக உறங்கிப் பார்க்கிறேன். விழித்ததும், "இன்னைக்கு என்ன கிழமை?" என்றாள். சொன்னேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன். அன்று முழுக்க எத்தனை தடவை கேட்டாலும் சொல்லத் தயாராக இருந்தேன்.

வாரம் ஒருநாள் டாக்டர் எங்கள் மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைப்பார். அவரவருக்கு அந்த வாரம் எப்படிப் போயிற்று என்று சொல்ல வேண்டும். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். இவருக்கு நேர்மாறு, ஒரு வார்த்தை வராது. ஒரு தடவை மட்டும், "பிள்ளை இல்லாம வீடு வீடாட்டு இல்ல" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அன்று செண்பகம் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

கடை சாத்திய பிறகு தினமும் வருவார். மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கி வருவார், அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும் என்று. அது ஜன்னலிலேயே இருந்து கறுத்துப்போகும். நான் எடுத்து, டீச்சரின் மாமியார் வித்துரா அம்மாளுக்குக் கொடுப்பேன். மறுநாள் அடுத்த சீப்பு வரும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு சாயங்காலம், நாங்கள் கேட்காமலே, செண்பகம் கையை நீட்டி ஒரு பழத்தைப் பிய்த்தாள். உரித்துப் பாதியைத் தின்றாள். மீதியை அப்பாவிடம் நீட்டினாள். "நல்ல பழுத்திருக்குப்பா" என்றாள். இவர் வாங்கித் தின்றுவிட்டு, வராந்தாவுக்குப் போய்ச் சுவரோரம் நின்று அழுதார். நான் இங்கே உட்கார்ந்து அழுதேன். அவள் இன்னொரு பழம் உரித்தாள்.

அதற்குப் பிறகு நாளுக்கு நாள் தெளிச்சம். ஊசி போடுகிறவனைத் திட்டினாள். டீச்சரின் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். மருந்துச் செலவுக்கு இவர் கடை முதலாளியிடம் முன்பணம் கேட்டபோது, அவரும் டைபாய்டுக்கென்றே கொடுத்து, கூடவே ஒரு டப்பா பார்லியும் அனுப்பியிருந்தார். அதைக் காய்ச்சி நானும் வித்துரா அம்மாளும் குடித்தோம்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று மைனி வந்தார். பையிலிருந்து நேந்திரங்காயை வறுத்த உப்பேரி எடுத்தார், புதுப் பாவாடை எடுத்தார், அப்புறம் ஒரு கத்திரிக்கோல் எடுத்தார்.

"இது என்னத்துக்கு மைனி?" என்றேன்.

"நாகம், நீ கொஞ்சம் யோசிச்சுப் பாரு. டைபாய்டு வந்தா முடி கொட்டும், இல்லன்னா வெட்டிருவா. இவ இடுப்புவரை முடியைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் தெருவுல வந்து எறங்கினா எவ நம்புவா? கல்யாணத்துக்கு நிக்கப்பட்ட பிள்ளை. முடி வளந்துரும். பேரு போனா வருமா?" சொல்லும்போதே மைனிக்குக் கண் நிரம்பிவிட்டது. பிள்ளையில்லாதவர். செண்பகத்தைத் தூக்கி வளர்த்தவர். அந்த முடிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டதும் அவர்தான். அதனால்தான் எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அதைவிட மோசம், ஒரு நிமிஷம் அவர் சொல்வது சரிதானோ என்றுகூடத் தோன்றியது. இவரைப் பார்த்தேன். இவர் ஜன்னலைப் பார்த்தார்.

செண்பகம் கட்டிலிலிருந்து இறங்கினாள். முகம் சிவந்திருந்தது. மூக்கு விடைத்தது. "முடிதானே அத்தை? வெட்டணும்னா வெட்டிக்கிடுங்க. மொட்டையே அடிச்சாலும் சரி. ஆனா டைபாய்டுன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன். கேட்டவங்ககிட்ட எல்லாம் பொய் சொல்லி, அடுத்த வாரம் அதை ஞாபகம் வச்சு, பயந்து பயந்து... எனக்கு முடியாது. அப்படியே நடிக்கணும்னா என்னை இங்கேயே விட்டுட்டுப் போங்க!" என்று கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது! ஒன்றும் தோணல்ல என்று கிடந்தவளுக்குக் கோபம் தோன்றிவிட்டது! மைனி கையிலிருந்த கத்திரிக்கோலை வாங்கிப் பைக்குள் போட்டேன். "அவ சொல்லுகபடி ஆகட்டும் மைனி" என்றேன். மைனி உப்பேரியை மட்டும் வைத்துவிட்டு, பாவாடையையும் பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டார்.

குதிரைவண்டி வாசலில் நின்றதும் தெரு கூடிவிட்டது. கோமதியம்மாள்தான் முதலில் வந்தார். "காய்ச்சல் விட்டுட்டா மக்கா?" என்றார். செண்பகம் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "காய்ச்சல் இல்ல பெரியம்மை. எனக்கு மனசுக்குச் சுகமில்லாம இருந்தது. அதுக்குத்தான் ஆஸ்பத்திரியில கெடந்தேன். இப்ப தேவல" என்றாள். எதிர்வீட்டு அண்ணாச்சி, கிணற்று மருந்து வாடையை நினைத்தாரோ என்னவோ, எங்களை ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே போனார்.

அதன் பிறகு சில நாட்கள் கஷ்டமாகத்தான் இருந்தன. மறைக்காமல் சொல்கிறேன். வருகிறவர்கள் குறைந்தார்கள். நாகர்கோவில் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சம்பந்தப் பேச்சு அப்படியே நின்றது. மைனி எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் செண்பகம் காலை எழுந்தாள், உண்டாள், காலேஜுக்குப் போனாள். உறக்கம் கெடுகிற மாதிரி தெரிந்தால் எங்களிடம் சொல்வாள், நாங்கள் வியாழக்கிழமை டாக்டரைப் பார்ப்போம். குடையை நிமிர்த்தியே பிடித்துக்கொண்டு போனோம். இரண்டு வாரம் பொறுத்து மைனியும் வந்தார். வந்ததும் வராததுமாக, என் ரசத்தில் உப்பு இல்லை என்று குறை சொன்னார். சமாதானம் ஆயிற்று என்று புரிந்துகொண்டேன்.

ஒருநாள் மத்தியானம் கோமதியம்மாள் புறவாசல் வழியாக வந்தார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். அவர் மூத்த மகன் சண்முகம் மெட்ராஸில் உத்தியோகம் பார்க்கிறான் என்று தெருவுக்கே தெரியும். அவன் அனுப்பினான் என்று தீபாவளிக்கு எங்களுக்கெல்லாம் அல்வா கொடுத்திருக்கிறார்.

"நாகம், அந்த டாக்டர் எந்தக் கிழமை வருவாரு?" என்றார்.

"ஆருக்கு அக்கா?"

"சம்முகத்துக்கு" என்றார். அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அப்போது வெளியே வந்தது. "அவன் மெட்ராஸுக்குப் போய் ஒரு மாசத்துலயே திரும்பிட்டான். விடியக்கால ரயில்ல கூட்டிட்டு வந்தோம். மச்சுலதான் இருக்கான். வெளிச்சம் ஆகாதுங்கான், ஆள் முகத்தைப் பாக்க மாட்டேங்கான். ரெண்டு வருசமாச்சு."

எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்! நான் மாடியில் துணி உலர்த்தும் இடத்திலிருந்து கையை நீட்டினால் தொடுகிற ஜன்னல். எப்போதும் சாத்தியே இருக்கும். சாமான் அறை என்று நினைத்திருந்தேன். அந்த அம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். காலேஜிலிருந்து வந்த செண்பகம், விஷயத்தைக் கேட்டதும் புத்தகத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நான் போய்ப் பேசட்டுமா பெரியம்மை?" என்றாள். கதவுக்கு வெளியே மச்சுப் படியில் உட்கார்ந்து பேசினாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. மூன்று சாயங்காலம் போனாள். மூன்றாம் நாள் கதவு திறந்தது.

வியாழக்கிழமை காலையில் வண்டி வந்தது. புறவாசலில் நிறுத்தட்டுமா என்று இவர் கேட்டார். கோமதியம்மாள் கொஞ்சம் யோசித்து, வேண்டாம் என்றார். சண்முகம் முன்வாசல் வழியாக வந்தான். வெளுத்துப்போய், தாடியும் மீசையுமாக, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். செண்பகம் ஒரு பக்கம், அவன் தாய் ஒரு பக்கம். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

எதிர்வீட்டு அண்ணாச்சி பேப்பரை மடக்கிக்கொண்டு கேட்டார்: "என்னடே சம்முகம், எப்ப வந்தே மெட்ராஸ்லருந்து?"

அவன் தன் தாயைப் பார்த்தான். கோமதியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அவன் எங்கயும் போகல்ல அண்ணாச்சி. இங்கதான் இருந்தான்" என்றார்.